முந்நூறு டாலர் அடி



அமெரிக்க அடிமைமுறையின் வரலாற்றில் ஓர் அடிதடி வழக்கு உண்டு. 1856 மே 19, 20 ஆகிய நாள்களில் மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர், கன்சாஸ் பகுதியில் அடிமைமுறையைத் திணிக்க முயன்றவர்களைக் கண்டித்து செனட்டில் பேசினார். தென்கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரைப் பெயர் சொல்லியே ஏளனம் செய்தார். மே 22 அன்று, பட்லரின் உறவினரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருமான பிரெஸ்டன் புரூக்ஸ் செனட் மண்டபத்துக்குள் வந்து, மேசையில் எழுதிக்கொண்டிருந்த சம்னரைக் கைத்தடியால் தலையில் அடித்தார். தடி உடைந்த பிறகும் நிறுத்தவில்லை.

ஏன் தடி? தென்மாநிலக் கனவான்களின் வழக்கப்படி, அவமதித்தவன் சமமானவன் என்றால் துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்க வேண்டும். கீழானவன் என்றால் தடியே போதும். அடிமைமுறையை எதிர்த்தவரை அடிமையின் இடத்தில் நிறுத்தி அடித்தார் புரூக்ஸ். நமக்கு விளங்காத கணக்கல்ல இது.

வாஷிங்டன் நீதிமன்றம் 300 டாலர் அபராதம் விதித்தது, சிறை இல்லை. சபையிலிருந்து அவரை நீக்கும் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. அவரே பதவி விலகினார். தொகுதி அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தது. ஆதரவாளர்கள் புதிய கைத்தடிகளை அனுப்பிவைத்தார்கள்.

300 டாலர் அற்பம்தான். ஆனால் 1829ஆம் ஆண்டின் வடகரோலினா வழக்கு ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிடியா என்ற அடிமைப்பெண் தண்டனைக்குத் தப்பி ஓடியபோது, அவரை வாடகைக்கு எடுத்திருந்த ஜான் மான் சுட்டுக் காயப்படுத்தினார். கீழ்நீதிமன்றம் மானைக் குற்றவாளி என்றது. மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எஜமான் அடிமையைத் தாக்குவது வழக்குத் தொடரத்தக்க குற்றமே அல்ல என்பதுதான் நீதிபதி தாமஸ் ரஃபின் அளித்த தீர்ப்பின் சாரம்.

சம்னரின் காயத்துக்கு அற்ப விலையாவது இருந்தது. லிடியாவின் காயத்தைச் சட்டம் காயமாகவே எண்ணவில்லை. தோட்டங்களில் நாள்தோறும் விழுந்த அடி ஒரு செனட்டரின் தலையில் விழுந்தபோதுதான் வடமாநிலத்தார் பலருக்கு உறைத்தது.

சம்னரின் நாற்காலி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. மாசசூசெட்ஸ் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. திரும்பி வந்தவர், 1860 ஜூன் 4 அன்று அதே அவையில் அடிமைமுறையின் காட்டுமிராண்டித்தனத்தைப் பற்றிப் பேசினார். 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்த ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் மகாத்மா புலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ நூலைக் காணிக்கையாக்கினார். அடிபட்டவர் யார் என்று பார்த்து அடிக்கு விலை வைக்கும் நீதியை, மனுவின் நாட்டில் பிறந்த புலே நன்கு அறிந்திருந்தார்.

ஆகவே, நீதிமன்றத்துக்கு வந்த அடியின் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம், வழக்காகவே பதிவாகாத அடிகளையும் சேர்த்து எண்ணுவோம்.