சுவரில் பதியும் வரலாறு

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கே.கே. நகரிலுள்ள சங்கக் கட்டடத்தின் தெருப்புறச் சுவரில் கண்ணாடிச் சில்லுகளாலான பெரியதோர் ஓவியம் அமைக்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் விரும்புகின்றனர். "அப்பணத்தில் மாணவர்க்குப் புத்தகம் வாங்கலாமே" என்று மூத்தோர் சிலர் தடை கூறுகின்றனர். இரு சாராரும் சங்கத்தின் நலம் நாடுவோரே. ஆதலின் ஒரு முடிவுக்கு வருமுன் இக்கலையின் வரலாற்றைச் சற்றே நோக்குவது நலம்.

'மொசைக்' என்னும் சொல் நம் மக்களுக்குப் புதிதன்று. வீட்டு வசதி வாரியம் இந்நகரை உருவாக்கிய காலத்தில், என் தந்தையார் மொசைக் தரைக்கு மெருகேற்றும் தொழிலாளியாக இருந்தார். சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டுடன் கலந்து பரப்பி, இறுகிய பின் நீர் ஊற்றி, சாணைக்கல்லால் நாள்முழுதும் தேய்க்க வேண்டும். குந்தியிருந்தே முழங்கால் காய்த்துப் போனவர் அவர். ஒரு வீட்டின் புதுமனை புகுவிழா நாளன்று, மீதிக் கூலி பெறச் சென்ற அவரை வீட்டார் வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்தினர். தாம் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரையை வெளியில் நின்றே பார்த்துத் திரும்பினார். சிறுவனாக உடன் சென்ற யான் அதனை இன்றளவும் மறந்திலேன்.

சில்லுகளைப் பதித்து உருவம் சமைக்கும் கலை மிகத் தொன்மையானது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மெசபொத்தேமியாவின் உருக் நகரத்தார் வண்ணமிட்ட களிமண் கூம்புகளைச் சுவரிற் பதித்து அழகு செய்தனர். இத்தாலியின் ரவென்னா நகரில் 547 ஆம் ஆண்டு திருநிலைப்படுத்தப்பெற்ற புனித விதாலே ஆலயத்தில், பேரரசர் ஜஸ்டீனியனும் அரசி தியோடோராவும் கண்ணாடிச் சில்லுகளில் இன்றும் ஒளிர்கின்றனர். உடன் நிற்கும் ஆயரின் பெயரும் அங்கே எழுதப்பட்டுள்ளது. ஆனால் அச்சில்லுகளைப் பதித்தோர் எவர்? நாம் அறியோம். நம் நாட்டுக் கண்ணாடி மாளிகைகளும் அரண்மனைக்குள்ளே அரசர்க்கென அமைந்தவையே. நெடுங்காலம் இக்கலையைச் செய்தவர் ஒருவர். அதிற் காட்சி தந்தவர் வேறொருவர்.

இந்நிலை மாறிய இடங்களுள் முதன்மையானது மெக்சிகோ. 1910 இல் தொடங்கிய புரட்சிக்குப் பின் அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவராய் இருந்தனர். 1921 இல் கல்வி அமைச்சரான ஹோசே வாஸ்கோன்செலோஸ் அரசுக் கட்டடச் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். ஏடு படிக்க இயலாதவர் சுவரைப் படிக்கட்டும் என்பதே நோக்கம். அவ்வோவியருள் தலையாயவர் டியாகோ ரிவேரா. அவர் 1953 இல் மெக்சிகோ நகரின் இன்சுர்ஹென்டெஸ் நாடக அரங்கின் முகப்பு முழுவதிலும், அந்நாட்டு நாடக வரலாற்றைக் கண்ணாடிச் சில்லுகளால் அமைத்தார். அதன் நடுவிடத்தில் நிற்பவர் அரசர் அல்லர். எளியோரின் அன்புக்குரிய நகைச்சுவை நடிகர் கான்டின்பிளாஸ். செல்வரிடம் பெற்று ஏழையர்க்கு ஈபவராக அவர் காட்டப்பெற்றுள்ளார். சாலையிற் செல்லும் எவரும் கட்டணமின்றி அதனைக் காணலாம்.

அதே நகரின் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹுவான் ஓ'கோர்மன் இதனினும் பெரிய செயலைச் செய்தார். ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர் பரப்பில், ஒரு கட்டடத்தின் நான்கு பெருஞ்சுவர்களிலும் தம் மக்களின் வரலாற்றைப் பதித்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இயற்கை வண்ணக் கற்களைத் திரட்டினார். தக்க நீலக்கல் மட்டும் கிட்டாமையால் அதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். அவ்வளாகம் 2007 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது. அந்தக் கட்டடம் யாது தெரியுமா? மையநூலகம்! சுவரா, நூலா என்று வழக்காடும் நம் அன்பர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். சுவர் அழைக்கிறது, உள்ளே நூல்கள் காத்திருக்கின்றன.

வண்ணம் பூசிய ஓவியம் வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். கண்ணாடியிலோ நிறம் உடலோடு கலந்திருப்பதால் எளிதில் வெளுப்பதில்லை. அது நீரையும் உறிஞ்சுவதில்லை. செய்முறையும் நம்மால் இயலாததன்று. முதலில் முழு அளவுப் படத்தை இடவலம் மாற்றித் தாளில் வரைந்து, பகுதிகளாகப் பிரித்து எண்ணிட வேண்டும். சில்லுகளின் முகம் தாளை நோக்குமாறு மாவுப் பசையால் ஒட்ட வேண்டும். பின்னர் அத்தாள்களைச் சிமெண்டுச் சாந்து பூசிய சுவரில் எண் வரிசைப்படி அழுத்த வேண்டும். சாந்து இறுகியதும் தாளை நனைத்து உரித்து, இடைவெளிகளைச் சிமெண்டால் நிரப்ப வேண்டும். பின்புறம் ஈரம் புகுந்தால் சாந்து விட்டுச் சில்லுகள் உதிரும். ஆகவே சுவரின் கசிவை முன்னரே அடைத்தல் இன்றியமையாதது. வெட்டும் வேலையும் சுவர் வேலையும் பழகியவர்க்கே உரியன. ஒட்டும் வேலையை நம் பிள்ளைகள் விடுமுறை நாட்களில் கூடத்தில் அமர்ந்தே செய்யலாம்.

பொருளுக்கு எங்கே போவது என்பீர்களாயின், சண்டிகரைப் பாருங்கள். அங்குப் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், புதுநகருக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் இடிபாடுகளையும் உடைந்த பீங்கானையும் வளையல் துண்டுகளையும் சேகரித்து, எவரும் அறியாமல் பல ஆண்டுகள் உழைத்தார். உருவங்கள் நிறைந்த அப்பாறைப் பூங்கா 1976 இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1984 இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். பின்னாளில் அதன் ஒரு பகுதியை இடிக்க முற்பட்டபோது பொதுமக்களே குறுக்கே நின்று காத்தனர். பிறர் எறிந்ததைக் கொண்டே அவர் அதனை ஆக்கினார். எறியப்பட்டவற்றின் அருமையை நம்மினும் அறிந்தார் யார்?

எனவே என் கருத்து இது. மாணவர் நிதியிலிருந்து ஒரு காசும் எடுத்தல் கூடாது. கண்ணாடிக் கடைகளில் கழியும் துண்டுகளையும் உறுப்பினர் தரும் நன்கொடையையும் கொண்டே இதனைச் செய்வோம். 1893 இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், அண்ணல் அம்பேத்கர் ஆகியோர் அச்சுவரில் விளங்கட்டும். அவர்களோடு மண் சுமந்த சித்தாளும் தரை தேய்த்த தொழிலாளியும் இடம் பெறட்டும். அடியில், சில்லு ஒட்டிய ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், சுவரிற் பதித்த கொத்தனாரின் பெயரும் பொறிக்கப்படட்டும். ரவென்னாவில் விடுபட்டது இங்கு விடுபடலாகாது.

இளைஞர்களே! என் தந்தையார் தேய்த்த தரைகளில் அவர் பெயர் இல்லை. உங்கள் சுவரில் உங்கள் பெயர் இருக்கட்டும். அதனைப் படிக்கும் குழந்தை வாசலில் நிற்க வேண்டுவதில்லை. உள்ளே வந்து நூலை எடுக்கட்டும்.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!