இப்போலிட் பயார்

இப்போலிட் பயார் (சனவரி 20, 1801 – மே 14, 1887) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஆவார். ஒளிப்படவியலைக் கண்டறிந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

நிதி அமைச்சகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இவர், எதிர்ப்படிமம் இன்றித் தாளிலேயே நேர்ப்படிமம் பெறும் முறையை 1839 இல் உருவாக்கினார். வெள்ளிக் குளோரைடு பூசிய தாளை முதலில் ஒளியில் கறுக்கச் செய்து, பொட்டாசியம் அயோடைடு கரைசலில் நனைத்துக் கருவியினுள் வைப்பார். ஒளிபட்ட இடங்கள் வெளுத்துவிடும். லூயி டாகுவேரின் முறை ஆகத்து 19, 1839 இல் வெளியிடப்படும் முன்னரே, பாரிசில் 30 படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஆயினும் அரசு டாகுவேருக்கு ஆண்டுதோறும் 6000 பிராங்கு ஓய்வூதியம் அளித்தது. பயாருக்குக் கிடைத்தது 600 பிராங்கு மட்டுமே.

இதற்கு எதிர்ப்பாக, 1840 இல் தன்னையே நீரில் மூழ்கி இறந்தவராகக் காட்டும் படத்தை எடுத்தார். படத்தில் கறுத்துத் தெரியும் முகமும் கைகளும் அழுகத் தொடங்கிவிட்டதாக அதன் பின்புறத்தில் எழுதிவைத்தார். புனைந்து எடுக்கப்பட்ட ஒளிப்படங்களுள் மிகப் பழையனவற்றுள் இஃது ஒன்றாகும். உண்மையில் அதன்பின் 46 ஆண்டுகள் வாழ்ந்தார். 1851 இல் பழங்காலக் கட்டடங்களைப் படமெடுக்க அரசே இவரைத் தெரிவு செய்தது.