மேகி பிறந்த இரவு

மேகி என்றதும் நமக்கு இரண்டு நிமிட நூடுல்ஸ் ஞாபகம் வரும். அனிமே பார்க்கிறவர்களுக்கோ மூன்று பெரிய பெட்டிகள் ஞாபகம் வரும். மெல்கியோர், பல்தசார், காஸ்பர் என்று பெயர் சூட்டிய மூன்று கணினிகள் அவை. மூன்றும் ஓட்டுப் போட்டு ஒரு நகரத்தையே நிர்வகிக்கின்றன. நகராட்சி மன்றம் என்று ஒன்று உண்டு, ஆனால் அது பேருக்குத்தான். மூன்று பெட்டிக்குள்ளும் இருப்பது ஒரே பெண்ணின் மனம்.

அவர் பெயர் நவோகோ அகாகி. 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை டிவி டோக்கியோவில் 26 பகுதிகளாக ஒளிபரப்பான 'நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்' தொடரில் வரும் விஞ்ஞானி. ஹிடெயாகி அன்னோ இயக்கிய தொடர். பதினாலு வயதுப் பிள்ளைகள் 'இவா' என்ற ராட்சத உருவங்களுக்குள் ஏறி, வானதூதர் பெயர்களைத் தாங்கி வரும் விசித்திர ஜீவன்களோடு மோதுவார்கள்.

இந்தத் தொடரில் விஞ்ஞானியான அம்மாக்கள் மூன்று பேர். நாயகன் ஷிஞ்சியின் அம்மா யூய் இகாரி, 2004இல் நடந்த ஒரு சோதனையில், மூன்று வயது மகனின் கண்ணெதிரே இவாவுக்குள் கரைந்துபோகிறார். இன்னொரு இவாவை ஓட்டும் அசுகாவின் அம்மா கியோகோ அதே மாதிரி ஒரு சோதனையில் மனத்தின் ஒரு பங்கை இயந்திரத்துக்குள் தொலைத்துவிட்டு, பொம்மையைத் தன் மகள் என்று நம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ரசிகர்கள் மணிக்கணக்காகப் பேசுவது யூயைப் பற்றித்தான். எனக்கென்னவோ நவோகோதான் பெரிய ஆள். மற்ற இருவரையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது (யூய் தெரிந்தேதான் போனாரா என்பது தனி வழக்கு). நவோகோ தன்னைத் தானே மூன்றாகப் பிரித்து, உட்கார்ந்து எழுதி, உள்ளே வைத்தவர்.

பெயர்களிலிருந்து தொடங்கலாம். தொடரில் பலருக்கும் இரண்டாம் உலகப் போர்க்காலக் கப்பல்களின் பெயர். அகாகி என்பது 1942 ஜூனில் மிட்வே போரில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல். 'மேகி' என்பது பாலன் இயேசுவைத் தேடி வந்த கீழ்த்திசை ஞானிகள், நம் ஊர்க் கிறிஸ்துமஸ் குடில்களில் ஒட்டகத்தோடு நிற்கும் மூன்று ராஜாக்கள். மத்தேயு நற்செய்தி அவர்கள் மூன்று பேர் என்றுகூடச் சொல்வதில்லை. எண்ணிக்கையும் பெயர்களும் பின்னால் மரபில் சேர்ந்தவை. இவற்றில் ஆழ்ந்த இறையியல் தேட வேண்டாம். ஜப்பானில் கிறிஸ்தவம் அதிகம் இல்லாததால் பார்க்கப் புதுமையாக இருக்கும் என்றுதான் அந்தச் சின்னங்களைப் போட்டோம் என்ற பொருளில், துணை இயக்குநர் கசுயா சுருமாகியே பின்னர் சொல்லிவிட்டார்.

கணினிக்கு வருவோம். மேகியைத் தொடர் 'ஏழாம் தலைமுறை உயிரிக் கணினி' என்கிறது. 1995இல் அதைக் கேட்ட ஜப்பானியருக்கு உடனே ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். 1982இல் அவர்கள் அரசாங்கம் 'ஐந்தாம் தலைமுறைக் கணினி' என்றொரு பத்தாண்டுத் திட்டத்தைப் பெரிய முழக்கத்தோடு தொடங்கியது. தர்க்கம் பண்ணும், மனிதரைப் போலவே யோசிக்கும் இயந்திரம் வரப்போகிறது என்றார்கள். மேலைநாடுகள்கூடக் கொஞ்சம் ஆடிப்போயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சொன்ன அளவுக்கு எதுவும் சந்தைக்கு வராமலே அது முடிந்தது. ஐந்தே கரை சேராதபோது அன்னோவின் குழு கூசாமல் ஏழுக்குத் தாவியது. அதற்குள் ஒரு ஆளின் குணத்தையே எடுத்து நட்டது.

மூன்று கணினி, பெரும்பான்மை ஓட்டு என்பது கற்பனையல்ல. நிலவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் கணினியில் தர்க்கச் சுற்றுகள் மும்மூன்றாக இருந்தன. ஒன்று பிசகினால் மற்ற இரண்டின் பேச்சு எடுபடும். அங்கே மூன்றும் ஒரே அச்சு. ஒன்று மாற்றிப் பேசினால் அது பழுது. நவோகோ இந்த இடத்தில்தான் விளையாடியிருக்கிறார். மெல்கியோரில் விஞ்ஞானியான தன்னை வைத்தார். பல்தசாரில் தாயான தன்னை. காஸ்பரில் வெறும் பெண்ணான தன்னை. மூன்றுக்கும் ஒத்துப்போகாது என்று தெரிந்தே வைத்தார். ஒரு மனுஷிக்குள் இருக்கும் இழுபறியைப் பழுதாக எண்ணி நீக்காமல், அதையே பொறியாக்கிய வேலை அது.

இதை நமக்குச் சொல்பவள் அவருடைய மகள் ரிட்சுகோ. 1995 டிசம்பர் 27 அன்று வந்த 13ஆம் பகுதி. மிட்சுவோ இசோவும் அகியோ சட்சுகாவாவும் அன்னோவும் சேர்ந்து எழுதியது. ராட்சத ரோபோத் தொடரில் ரோபோ கையை ஓங்காத பகுதி அது. எதிரி இந்த முறை கிருமியளவு. தன்னையே மின்சுற்றாக்கிக்கொண்டு மேகிக்குள் புகுந்துவிடுகிறது. முதலில் மெல்கியோர் விழுகிறது. விழுந்ததும், இவாக்களை இயக்கும் அமைப்பின் தலைமையகத்தையே வெடித்துத் தகர்க்கலாம் என்று தீர்மானம் கொண்டுவருகிறது. அதற்கு மூன்று ஓட்டும் வேண்டும். அடுத்து பல்தசார். மிச்சம் காஸ்பர் ஒன்றுதான்.

ரிட்சுகோ காஸ்பரைத் திறந்து உள்ளே தவழ்ந்து போகிறாள். உள்ளே பார்த்தால் சுவரெல்லாம் அம்மாவின் கையெழுத்துச் சீட்டுகள்! ரகசியக் குறியீடுகள், குறுக்குவழிகள். நடுவே, தான் காதலித்த தலைவர், யூயின் கணவர் கெண்டோ இகாரியைத் திட்டி ஒரு கிறுக்கல். எத்தனை பெரிய கணினியாக இருந்தாலும், அதைக் கட்டியவர் மறந்துவிடக் கூடாதென்று ஒட்டி வைத்த சீட்டு உள்ளே எங்கோ இருக்கத்தான் செய்யும். கடைசி நொடியில் எதிரியை முறியடிக்கும் வேலை முடிந்து எல்லாரும் தப்புகிறார்கள். அப்போது அவள் தோழி மிசாட்டோவிடம் சொல்வது இது: நான் அம்மா ஆகப்போவதில்லை, அதனால் தாயாக அவளை எனக்குப் புரியாது, விஞ்ஞானியாக மதித்தேன், பெண்ணாக வெறுத்தேன். கடைசிவரை விழாமல் நின்றது அவள் வெறுத்த அந்தப் பங்குதான்.

வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று 21ஆம் பகுதி காட்டுகிறது. கதையில் அது 2010. யூய் மறைந்தபின் கெண்டோவோடு நவோகோவுக்கு உறவு. இருவரும் முத்தமிடுவதை மகளே பார்த்திருக்கிறாள். மேகி கட்டி முடிந்த நாள். தாயும் மகளும் இயந்திரத்தின் முன் நின்று அந்த மூன்று 'நான்'களைப் பற்றிப் பேசுகிறார்கள். மகள் முன்னதாகவே கிளம்பிவிடுகிறாள். யாருமில்லாத கட்டுப்பாட்டறைக்கு, கெண்டோ கூட்டிவந்திருந்த ரெய் என்ற சிறுமி வழி தவறி வருகிறாள். அவளுக்கு அப்படியே யூயின் முகம்.

வழி காட்டவா என்கிறார் நவோகோ. வேண்டாம் கிழவி என்கிறது குழந்தை. திட்டினால், இது நான் சொன்னதல்ல, தலைவர் உன்னை அப்படித்தான் சொல்கிறார், உன்னால் இனி அவருக்கு வேலையில்லை என்கிறது. நவோகோவின் கை அந்தக் கழுத்தில் இறுகுகிறது. குழந்தை சாகிறது. விஞ்ஞானியும் தாயும் அந்தக் கணத்தில் எங்கே போனார்களோ, ஓட்டெடுப்புக்கு நேரமே இல்லை. சற்று நேரத்தில், அவர் படைத்த மேகியின் மேலேயே அவர் உடல் கிடக்கிறது. மேகி பிறந்ததும் அதே இரவுதான்.

ரிட்சுகோ அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே ஆளிடம் போய்ச் சேர்ந்தாள்.

1997 ஜூலை 19 அன்று திரைக்கு வந்த 'தி எண்ட் ஆஃப் இவாஞ்சலியன்' படத்தில் அவள் மேகியை ரகசியமாகத் திருத்தி எழுதிவிட்டு, தலைமையகத்தின் அடியில் கெண்டோவுக்காகக் காத்து நிற்கிறாள். அவன் வந்ததும், சேர்ந்தே சாகலாம் என்று விசையை அழுத்துகிறாள். எதுவும் வெடிக்கவில்லை. கையிலிருந்த கருவியைப் பார்க்கிறாள். காஸ்பர் மறுத்திருக்கிறது. மகளை விட்டுவிட்டு அவனையே தேர்ந்தெடுத்தாயா அம்மா என்கிறாள். கெண்டோ துப்பாக்கியை நீட்டியபடி ஏதோ சொல்கிறான். பார்வையாளருக்கு அது கேட்பதில்லை. ரிட்சுகோவுக்குக் கேட்கிறது. பொய் என்கிறாள். அதற்குள் அவன் சுட்டுவிடுகிறான்.