தெள்ளாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கோபக்காரர்

ஆரணிக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போகிறவர்கள் தெள்ளார் பக்கம் வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும். டீக்கடை, உரக்கடை, செல்போன் ரீசார்ஜ் என்று சாதாரண சாலையோர ஊர். ஆனால், ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனை மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் அடித்து விரட்டியது இங்கேதான். கல்வெட்டுகளில் அவனுக்கு 'தெள்ளாறெறிந்த' என்று ஒரு பட்டமே உண்டு.

அந்த நந்திவர்மனைப் பற்றி உங்களுக்கும் ஒரு கதை தெரிந்திருக்கும். பகை கொண்ட தம்பி, நந்திக் கலம்பகத்தில் அறம் வைத்துப் பாடினான். முழுவதும் கேட்டால் சாவு நிச்சயம் என்று தெரிந்தும், தமிழ்ச் சுவை விடவில்லை. பந்தல் பந்தலாக உட்கார்ந்து கேட்டு, கடைசியில் சிதையில் ஏறி அமர்ந்து உயிர்விட்டான் மன்னன். சரித்திர ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. கல்வெட்டில் இதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் நம் ஜனங்கள் இதை நூற்றாண்டுக் கணக்கில் சொல்லி வருகிறார்கள். புத்தி 'எழுந்து போ' என்கிறது, மனசு 'இன்னும் ஒரு பாட்டு' என்கிறது. ஜெயித்தது எது என்பதுதான் கதை.

இந்தக் கட்டுரையின் நாயகர் நந்திவர்மன் இல்லை. அதே சாலையில் பஸ்ஸைத் திருப்பி வந்தவாசிக்கே வாருங்கள். வருடம் 1760. ஜனவரி 22. பிரெஞ்சுப் படைக்குத் தளபதி, கவுன்ட் லாலி.

சாதாரண ஆள் இல்லை லாலி. அயர்லாந்து வம்சம், பிரெஞ்சு ராணுவத்தில் சின்ன வயதிலிருந்தே ஊறியவர். 1745-ல் ஃபான்டெனாய் யுத்தத்தில் காட்டிய வீரத்துக்குப் போர்க்களத்திலேயே பதவி உயர்வு வாங்கியவர். 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஒரே மாதத்தில் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை இங்கிலீஷ்காரர்களிடமிருந்து பிடுங்கிவிட்டார். அப்புறம் என்ன ஆச்சு?

கோபம் ஆச்சு.

புதுச்சேரியில் வண்டி இழுக்க மாடும் ஆளும் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க லாலிக்குப் பொறுமை இல்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம், என்ன சாதி, என்ன வழக்கம் என்று பார்க்காமல் பிடித்து மூட்டை தூக்க வைத்தார். ஊரே கசந்து போனது. கவர்னர் லெரிக்கு எழுதிய கடிதங்களில் வசவும் மிரட்டலும். கவுன்சிலில் இருக்கிறவன் எல்லாம் திருடன் என்றார். (பாதி உண்மைதான் என்கிறார்கள். அதனால்தான் அவர்களுக்கு இன்னும் எரிந்தது.) பணத்துக்காகத் தஞ்சாவூர் மேல் படையெடுத்தார். போகிற வழியில் கீழ்வேளூர் கோயிலைக் குடைந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே சுற்றிக்கொண்டிருந்த பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுட வைத்தார். தஞ்சாவூரும் கிடைக்கவில்லை. ஹைதராபாத்தில் நிலைமையைக் கட்டிக் காத்து வந்த புஸ்ஸியைத் திருப்பி வரவழைத்து, அவரையும் பகைத்துக்கொண்டார். சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் வெறுங்கையோடு திரும்பினார்.

இப்போது வந்தவாசி. எதிரே அயர் கூட். லாலி நேரே தன் குதிரைப்படை முன்னால் போய் நின்று, 'தாக்கு' என்றார். ஒரு குதிரை அசையவில்லை. அதிகாரியை அந்த இடத்திலேயே பதவியிலிருந்து தூக்கினார். அடுத்தவரைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். அவரும் மாட்டேன் என்றார். கடைசியில் ஓர் இளம் அதிகாரி, தளபதியைத் தனியாக விடுவது வெட்கக்கேடு என்று குரல் கொடுத்த பிறகே படை நகர்ந்தது. கூட்டின் பீரங்கிகள் முழங்கியதும் சிதறி ஓடியது. கொஞ்ச நேரத்தில் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்றின் மேல் குண்டு விழுந்து, ஏறத்தாழ 80 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். புஸ்ஸி கைதியானார். மறு வருடம், 1761 ஜனவரியில், புதுச்சேரியே போயிற்று.

சரி, ஒரு மனுஷனின் கோபத்தால் ஒரு சாம்ராஜ்யம் கவிழுமா? நான் பி.காம். படித்தவன். பற்று வரவு பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிப்பாய்களுக்குச் சம்பளம் பாக்கி; 1759 அக்டோபரில் அவர்கள் கலகமே செய்தார்கள். உதவிக்கு இருந்த கப்பற்படை கிளம்பிப் போய்விட்டது. இங்கிலீஷ்காரனுக்கோ வங்காளப் பணம் வந்துகொண்டிருந்தது. எந்தக் கணக்குப்பிள்ளையும் நஷ்டக் கணக்கில் முதலில் இதைத்தான் எழுதுவான். ஆனால், அன்று குதிரை அசையாமல் நின்றதே, அதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

நம் மூளைக்குள், காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக வாதுமைப் பருப்பு அளவில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. அமிக்டலா என்று பெயர். கிரேக்க மொழியில் வாதுமை என்றே அர்த்தம். நியூயார்க் விஞ்ஞானி ஜோசப் லெடூ எலிகளை வைத்து ஆராய்ந்து சொன்னது இது: கண்ணும் காதும் தரும் செய்தி, மூளையின் மேல்தளத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே ஒரு குறுக்குச் சந்து வழியாக அமிக்டலாவுக்குப் போய்விடுகிறது. இருட்டில் கயிற்றைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கிறோமே, அது இந்தச் சந்து வழிச் செய்தி. 'அட, கயிறுதான்' என்பது மெயின் ரோட்டில் மெதுவாக வருகிற செய்தி. அமிக்டலாவை 'பயத்தின் தலைமை அலுவலகம்' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவதை லெடூவே பிற்பாடு கண்டித்தார். விஷயம் அவ்வளவு எளிமை இல்லையாம். நானும் பத்திரிகைக்காரன்தான், அடக்கியே வாசிக்கிறேன்.

கடிவாளம் இருப்பது நெற்றிக்குப் பின்னால், முன்மூளையில். 1848-ல் அமெரிக்காவில் ஃபினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரிக்கு, ஆறு கிலோ இரும்புக் கடப்பாறை கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் நிதானமானவர், வாயைத் திறந்தால் வசவாகப் பொழிகிறவராக மாறிவிட்டார் என்று வைத்தியர் எழுதினார். எல்லோரும் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. அதே கேஜ் பிற்பாடு சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். பயணிகளைச் சமாளித்து, நேரம் தவறாமல் ஓட்ட வேண்டிய வேலை. அடிபட்ட மூளையும் மறுபடி பழகிக்கொண்டது என்றுதான் இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பலர் நினைக்கிறார்கள்.

லாலிக்குக் கடப்பாறை எதுவும் பாயவில்லை. அவர் மண்டையைத் திறந்து பார்க்க நமக்கு வழியும் இல்லை. ஆகவே என் கதையைச் சொல்கிறேன்.

பல வருடம் முன்னால், இதழ் முடிக்கிற ராத்திரி. ஒரு பக்கத்தில் படமும் பெயரும் மாறிப் போய்விட்டது. லே-அவுட் பண்ணுகிற பையனை, நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கிழித்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. விடிந்து பார்த்தால், படத்தின் பின்னால் தப்பாகப் பெயர் எழுதியிருந்தது என் கையெழுத்து. மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்ல சார்' என்றான். ஆனால், அதற்கப்புறம் பக்கத்தில் தப்பு தெரிந்தாலும் அவன் என்னிடம் வந்து சொன்னதே இல்லை. வந்தவாசிக் குதிரைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவன் முகம்தான்.

கத்தித் தீர்த்தால் கோபம் ஆறும் என்பார்கள். 2002-ல் பிராட் புஷ்மேன் என்ற உளவியல்காரர் இதைச் சோதித்தார். கோபமூட்டப்பட்டவர்களைக் குத்துமூட்டையில் குத்தச் சொன்னார். தன்னைக் கோபப்படுத்தியவனை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குக் கோபம் ஏறத்தான் செய்தது. 2007-ல் கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மேன் குழு ஸ்கேனர் வைத்துப் பார்த்தது வேறு. உணர்ச்சி ததும்பும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னார்கள். வார்த்தை வைத்ததும் அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது, முன்மூளையில் ஒரு பகுதி வேலையில் இறங்கியது.

வெறும் பெயர்! நமக்கா பஞ்சம்? கோபம், சினம், சீற்றம், ஆத்திரம், எரிச்சல், கடுப்பு, ரோஷம், பொருமல். காதலில் கோபித்தால் அதற்குத் தனியாக ஊடல். அன்று ராத்திரி எனக்கு வந்தது எது என்று இப்போது யோசித்தால், இந்தப் பட்டியலிலேயே இல்லை. அது பயம். ஆசிரியர் காலையில் கேட்பாரே என்ற பயம். 'எனக்குப் பயமா இருக்குப்பா' என்று சொல்லியிருந்தால், அவனும் என்னோடு உட்கார்ந்து தேடியிருப்பான். இப்போதும் கத்துகிறேன், பொய் சொல்ல மாட்டேன். பத்தில் நாலு தடவை வார்த்தை முந்திக்கொள்கிறது.

லாலிக்கும் உள்ளே இருந்தது அதுவாக இருக்கலாம். கஜானா காலி, கப்பல் இல்லை, பாஷை தெரியாத ஊர், நம்ப ஆளில்லை. இது என் ஊகம், சரித்திரம் அல்ல. ஜெயித்த கூட்டும் சாது இல்லை; வயதான காலத்தில் ஹைதர் அலியோடு மோத வந்தபோது அவருடைய சிடுசிடுப்பு சென்னை கவர்ன்மென்டையே படாத பாடு படுத்தியது. ஆனால், அவர் கூப்பிட்டால் சிப்பாய் வந்தான்.

1761-ல் கைதியாகப் புதுச்சேரியை விட்டுப் பல்லக்கில் கிளம்பிய லாலியை, சொந்த அதிகாரிகளே கூச்சல் போட்டு ஏசினார்கள். லண்டனில் பத்திரமாக இருந்திருக்கலாம். தன்மேல் பழி சொல்கிறவர்களை நேரில் பார்க்கிறேன் என்று பாரீஸுக்குத் தானே போனார். பாஸ்டில் சிறை. 1766 மே மாதம் மரண தண்டனை. தீர்ப்பைக் கேட்டதும், கையில் இருந்த காம்பஸ் முள்ளால் தன் நெஞ்சில் தானே குத்திக்கொண்டார். மே 9-ம் தேதி, பேசிவிடக் கூடாது என்று வாயை அடைத்து, பொதுமக்கள் முன்னால் தலையை வெட்டினார்கள்.

முன்கோபி என்பதும் துரோகி என்பதும் ஒன்றல்ல என்று எழுத்தாளர் வால்டேர் எழுதினார், லாலியின் மகனோடு சேர்ந்து விடாமல் போராடினார். 1778 மே மாதம் அந்தத் தீர்ப்பு ரத்தானது. செய்தி வந்தபோது வால்டேர் மரணப் படுக்கையில் இருந்தார். எழுந்திருக்க முடியாத நிலையிலும் மகனுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுத வைத்துவிட்டு, நாலாவது நாள் கண்ணை மூடினார்.