தீந்தைக்குள் உறங்கும் வரலாறு

வானொலியில் இலக்கியம் கேட்டுப் பழகிய நாம், அந்த வானொலி போர்க்களத்தின் பிள்ளை என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இலங்கையில் 1923ஆம் ஆண்டு எட்வேட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் முதன்முதலாக இசைத்தட்டுகள் ஒலிபரப்பப்பட்டன. அதற்கான கருவியைத் தந்தித் திணைக்களத்தார், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே அமைத்தனர். 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக இங்கே இயங்கிய 'ரேடியோ சீயக்' நிலையம் 1949இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. ஆக, நம் செவிக்கு விருந்தளித்த வானொலி, இருமுறை போரின் கையிலிருந்து நம் கைக்கு வந்தது.

அக்காலத்துப் படைத்துறை வானொலிப் பெட்டிகளைத் தேடியெடுத்துப் பழையபடி புதுக்குவோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். பழுதான பாகத்தை மாற்றிவிடலாம். அறுந்த கம்பியை ஒட்டிவிடலாம். ஆனால், அவர்களை நெடுநாள் அலைக்கழிப்பது பெட்டியின் நிறமேயாகும். இது பொறியியலாளர் பாடு, தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஏட்டுச்சுவடியில் பாடபேதம் பார்ப்பவன் செய்வதும், பெட்டியின் பழைய நிறத்தைத் தேடுபவன் செய்வதும் ஒரே வேலை என்பதே என் கருத்து.

முதலில் பெயர்ச் சிக்கலைப் பார்ப்போம். நாம் நிறங்களைப் பொருளால் அழைப்பவர்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து, தவிட்டு நிறம் என்கிறோம். கிளியையும் பாசியையும் கண்டவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. படைத்துறைக்கோ அது போதாது. ஆயிரம் தொழிற்சாலைகளில் பூசப்படும் தீந்தை ஒரே நிறமாய் இருக்கவேண்டும். ஆகவே பிரித்தானியர் 1930இல் நிறங்களுக்கென ஒரு நியம அட்டவணையை வெளியிட்டு, நிறங்களை எண்களால் குறித்தனர். அமெரிக்கர் பூசிய நிறத்துக்கு 'ஒலிவ்' என்பது பெயர். ஒலிவ மரம் நம் மண்ணில் இல்லை; வெரளிக்காயைத்தான் 'இலங்கை ஒலிவ்' என்பர். அந்தக் காயின் மங்கிய பச்சையை நினைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆனால் 'ஏறக்குறைய' என்ற சொல் இந்தத் தொழிலுக்கு ஆகாது.

எண் இருந்தும் ஏன் சிக்கல்? போர் எண்ணுக்குக் கட்டுப்படவில்லை என்பதே காரணம். பச்சைத் தீந்தைக்கு வேண்டிய குரோமியம் ஒட்சைட்டுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 1942இல் பிரித்தானியத் தரைப்படை தன் வாகனங்களின் அடிப்படை நிறத்தைக் கபிலத்துக்கு மாற்றிற்று. 1944இல் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய வாகனங்களோடு ஒத்துப்போவதற்காக மீண்டும் ஒலிவ் பச்சைக்குத் திரும்பிற்று. ஆகவே ஒரு கபில நிறப் பூச்சைக் கண்டால் அது வெறும் மண்ணிறமன்று. ஒரு தேசத்தின் தட்டுப்பாட்டைச் சொல்லும் சாசனம் அது. அதைச் சுரண்டிவிட்டு அழகான பச்சையைப் பூசுபவன், சாசனத்தின் ஒரு வரியை உளியால் கொத்திவிடுகிறான்.

எழுத்துகளும் அவ்வாறே. தாங்கிகளில் பொருத்துவதற்கென ஆக்கப்பட்ட '19ஆம் இலக்க' வானொலிப் பெட்டி பிரித்தானியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்டது. கனடாவில் ஆக்கப்பட்ட பல பெட்டிகளின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். சோவியத் படைக்கு உதவியாக அனுப்பும் நோக்கமே அதற்குக் காரணம். பிரித்தானிய விமானப்படையின் '1154' ஒலிபரப்பிக் கருவியில் திருகு குமிழ்கள் நீலம், சிவப்பு, மஞ்சள் என மின்னும். அது அலங்காரமன்று. எந்த அலைவீச்சுக்கு எந்தக் குமிழ் என்பதை இயக்குபவன் பார்த்த மாத்திரத்தில் அறிவதற்கான ஏற்பாடு அது. அந்த நிறத்தை மாற்றினால் பொருளே மாறிவிடும்.

இனி, மூல நிறத்தைக் காண்பது எப்படி? வெளிமுகத்தை நம்பக்கூடாது என்பது முதல் விதி. வெயில் அதனை வெளுக்கச் செய்திருக்கும். கைபட்ட அழுக்கு கறுக்கச் செய்திருக்கும். பெயர்ப்பலகையைக் கழற்றினால் அதன் அடியிலும், குமிழின் பின்புறத்திலும், திருகாணித் தலையின் கீழும் வெயில் காணாத தீந்தை அகப்படும். ஆனால் அதையும் முழுவதாக நம்பலாகாது. ஆளிவிதை எண்ணெய் கலந்த தீந்தை இருட்டில் கிடந்தால் மஞ்சளித்துவிடும். சில நாள் பகல் வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெரும்பாலும் குறையும். பின்னர் ஓரிடத்தில் நுண்ணிய அரத்தாளை நனைத்து மெல்லத் தேய்க்க வேண்டும். மரத்தின் ஆண்டு வளையங்கள்போல அடுக்கடுக்காகப் பூச்சுகள் தெரியும். பழைய தீந்தைகளில் ஈயம் கலந்திருப்பதால் உலர்ந்த தூள் பறக்க விடக்கூடாது. இருளில் ஒளிரும்படி ரேடியம் பூசப்பட்ட முகப்புகளைச் சுரண்டவே கூடாது. ஒளி மங்கிப் போயிருக்கும், கதிர்வீச்சு மங்கியிராது. ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டுகள்.

நிறம் கிடைத்தபின் அதற்கு நிகரானதைக் கலப்பது அடுத்த சோதனை. சேலைக்குப் பொருத்தமான சட்டைத்துணி வாங்கப் போகிறவர்களிடம், "வெயிலுக்க கொண்டுபோய்ப் பாருங்க அக்கா" என்று கடைப்பிள்ளை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கடையின் விளக்கொளியில் ஒன்றாய்த் தெரிந்த இரு துணிகள் வெயிலில் வேறாகிவிடும். வெவ்வேறு சாயப்பொருள்களால் ஆன இரு நிறங்கள் ஓர் ஒளியில் உறவாடி இன்னோர் ஒளியில் பகைக்கும் என்பதே அதன் விளக்கம். ஆதலால் தேர்ந்தவர்கள் பகலொளியிலும் மின்குமிழொளியிலும் பார்த்த பின்பே நிறத்தை ஏற்பர். இக்காலத்தில் ஒளியைப் பிரித்து அளக்கும் கருவியும் உண்டு. அக்கருவி கண்ட நிறத்தை அளக்கும். அது முதற்பூச்சா, நான்காம் பூச்சா என்று சொல்லாது. அதை மனிதன்தான் தீர்மானிக்க வேண்டும்.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது செய்ததும் இத்தகைய தீர்மானங்களையே. எழுதினோர் பிழையையும் பிற்காலத்தார் சேர்த்ததையும் பிரித்தறிய வேண்டியிருந்தது. நம் மட்டக்களப்புத் தமிழகம் ஈன்ற விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழை நூற்சான்றுகளைக் கொண்டே மீட்டெடுக்க முயன்று, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். தமக்குப் பிடித்த யாழை அவர் கற்பனை செய்யவில்லை. சான்று காட்டிய வழியிலேயே நடந்தார். புதுக்குவோன் பின்பற்ற வேண்டிய ஒழுக்கம் அதுவே.

எங்கோ நடந்த போரின் பெட்டிகள் நமக்கெதற்கு என்று தள்ளிவிட முடியாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. உடன்வந்த 'வம்பயர்' கப்பலும் தாழ்ந்தது. ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் மாண்டனர். கப்பலைக் கண்ட யப்பானிய வேவு விமானம் வானொலியில் அனுப்பிய செய்தியைப் பிரித்தானியர் இடைமறித்துக் கேட்டனர். திருகோணமலைக்குத் திரும்பும்படி கப்பலுக்குக் கட்டளையும் பறந்தது. செய்தி போய்ச் சேர்ந்தது. காக்க வேண்டிய விமானங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. நம் வாவி கலக்கும் அதே கடலில், செவியில் ஒலிவாங்கியோடு இருந்த இளைஞர்கள் தொட்ட கடைசிப் பொருள்களுள் அத்தகைய பெட்டியும் ஒன்று.

பிற்பூச்சுகளை எல்லாம் பொய்யென்று நீக்கிவிட வேண்டுமா? இங்கேதான் நான் புதுக்குவோர் பலரிடமிருந்து வேறுபடுகிறேன். 1942இல் கபிலமாய் இருந்து, 1944இல் பச்சையாகி, போர் முடிந்தபின் இன்னொரு படையின் கையில் வேறு நிறம் கொண்ட பெட்டிக்கு மூன்று வாழ்க்கைகள் உண்டு. எந்த வாழ்க்கையைக் காட்டுகிறோம் என்பதைச் சொல்லாமல் காட்டுவதே பிழை.

2009இல் போர் ஓய்ந்த பின்னர் நம் பிரதேசத்திலும் சன்னம் துளைத்த சுவர்கள் பூசி மெழுகப்பட்டன. வாழ்வு தொடரவேண்டும், பூசாமல் இருக்க இயலாது. கோயில்களும் குடமுழுக்குத் தோறும் புதுநிறம் பெறுகின்றன. அவற்றைத் தடுக்க வேண்டும் என்பதன்று என் வாதம். எதைப் புதுக்கினாலும் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தையாவது பழையபடி விட்டுவையுங்கள். என்ன நிறம் இருந்தது, எந்த ஆண்டு எதைப் பூசினோம் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே வையுங்கள். கரடியனாற்றுக்குப் போகும் வழியிலுள்ள செங்கலடிக் கறுத்தப் பாலத்தைப்போல நிறத்தைப் பெயரிலேயே சுமந்து நிற்கும் பேறு எல்லாப் பொருளுக்கும் கிடைப்பதில்லை. நமக்குப்பின் வருகிறவன் கேட்கும்போது பதில் சொல்ல அந்தத் துண்டுக் கடதாசியாவது இருக்கட்டும்.