இரும்புக்கு விலாசம் வந்த கதை

சென்னை புதுப்பேட்டை ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில், கார் கழட்டும் கடைகளின் மூலையில் எந்த வண்டியுடையது என்றே தெரியாத சாமான்கள் எப்போதும் கொஞ்சம் கிடக்கும். அம்பாசடர், மாருதி சாமான் என்றால் கடைப் பையன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். கனமாக, வார்ப்பே வேறு தினுசாக ஒன்று வந்து விழுந்தால், "ஏதோ பழைய அமெரிக்கன் வண்டி சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆள் வராவிட்டால் அது கிலோ கணக்கில் எடைக்குப் போய்விடும். மயிலாப்பூர் ஜானவாசத்தில் மாப்பிள்ளை ஏறிப் போகும் திறந்த செவர்லேவோ பிளிமத்தோ அதே சாமானுக்காக ஏங்கி ஷெட்டில் நின்றுகொண்டிருக்கலாம். இத்தனைக்கும் அந்த இரும்பின் மேலேயே அதன் விலாசம் இருக்கிறது.

அந்த விலாசம் வந்தது ஒரு சோதனையால். அதற்கு முன்னால் கார் என்பது தச்சு வேலை போலத்தான். 1903-ல் மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் கட்டினார். அந்தக் காலத்தில் பட்டறையில் அரம் போட்டு ராவி ஒரு வண்டிக்கென்று பொருத்திய சாமான், பக்கத்து வண்டியில் உட்காராது. அப்படிப்பட்ட சாமானுக்கு எண் கொடுத்து என்ன பயன்?

1908-ல் காடிலாக் கம்பெனியின் மூன்று கார்களை லண்டனுக்கு அருகே புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் மூன்றையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழட்டி, பாகங்களை ஒன்றாகக் கலந்தார்கள். போதாததற்கு 89 பாகங்களை எடுத்துவிட்டு, கடை இருப்பிலிருந்த புதுச் சாமான்களைச் சேர்த்தார்கள். அரம் கூடாது, ஸ்பேனரும் திருப்புளியும் மட்டும். திரும்பக் கோத்த மூன்று கார்களும் கிளம்பி 500 மைல் ஓடின. அந்த ஆண்டுக்கான டூவார் கோப்பை காடிலாக்குக்குப் போனது. அதன் தலைவர் ஹென்றி லேலண்ட், மாறிப் பொருந்தும் பாகங்கள் செய்யத் துப்பாக்கித் தொழிற்சாலையில் கை பழகியவர். ஸ்பேர் பார்ட் என்று நாம் இன்று கடையில் கேட்பது, என்னைப் பொறுத்தவரை, அந்த மைதானத்தில் பிறந்ததுதான். எந்தச் சாமானும் எந்த வண்டியிலும் உட்காரும் என்றான பிறகு, அதை அடையாளம் சொல்ல ஒரு எண் போதும்.

எண்ணை அழகாக அடுக்கியவர்கள் ஃபோர்டு கம்பெனியார். 1928 மாடல் ஏ-யின் கார்புரேட்டர் ஏ-9510. 1965 மஸ்டாங்கின் கார்புரேட்டரில் சி5இசட்எஃப்-9510 என்று இருக்கும். நடு எண் அப்படியே நிற்கிறது. முன்னால் இருப்பதுதான் வருடமும் மாடலும். சி என்றால் அறுபதுகள், 5 என்றால் அறுபத்தைந்து, இசட் என்றால் மஸ்டாங். ஜெனரல் மோட்டார்ஸ் எண்களில் இந்த வசதி கிடையாது. அங்கே கைகொடுப்பது வார்ப்புத் தேதி. செவர்லே இன்ஜின் பிளாக்கில் 'சி 14 5' என்று இருந்தால் மார்ச் 14, ஐந்தில் முடியும் வருடம். அது 1955-ஆ 1965-ஆ என்பதை இன்ஜினின் அமைப்பை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். புடைத்து நிற்கும் எண் வார்ப்பு அச்சினுடையது. அது பார்ட் நம்பராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் கடைந்தால் இரண்டு பார்ட் நம்பர். உளியால் குத்திய எண்ணும், ஆணியடித்த பித்தளைத் தகடும் அதற்குப் பிறகு வந்தவை. இவை எதுவும் அழியக் கூடாது. ஆகையால் துருவை எடுக்கக் கிரைண்டரைத் தயவுசெய்து தொடாதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினால் மங்கிப்போன எண்ணும் எழும்பி வரும். சில எண்கள் அளவையே சொல்லிவிடும். ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் 97, அதன் காற்றுத் தொண்டையின் விட்டம் 0.97 அங்குலம் என்பது.

எந்தச் சாமான் எந்தெந்த வண்டிக்கு மாறிப் பொருந்தும் என்ற புத்தகம் அமெரிக்காவில் 1934-ல் வந்தது. கார் உடைக்கும் கடைக்காரர்களுக்காகவே தொகுத்த ஹாலண்டர் கையேடு அது. நம் ஊரில் அந்த வேலையைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் மனிதர்களின் ஞாபகமே செய்தது. வேறு வழியும் இல்லை. ஃபோர்டு 1926-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இந்தியாவில் கடை விரித்தன. இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று 1953-ல் டாரிஃப் கமிஷன் சொன்னதும், இரண்டுமே மூட்டை கட்டின. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. லேத் பட்டறைக்காரர்கள் பழைய சாமானை மாதிரியாக வைத்துப் புதிது கடைந்தார்கள். அவர்கள் கடைந்ததில் எண் இருக்காது. பட்டறையின் கைவேலை என்று கண்டுகொள்ள அதுவே அடையாளம்.

மூட்டை கட்டாமல் நின்றவற்றில் ஒன்று வால்சந்த் ஹிராசந்தின் கம்பெனி. 1944-ல் அவர் தொடங்கிய பிரீமியர் கம்பெனி, 1947 முதல் பம்பாய் குர்லாவில் கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களைக் கோத்தது. டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமாட், பிளிமத் சவாய் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இந்தக் குடும்பத்துச் சாமானில் டி.பி.சி.டி என்ற நான்கு எழுத்து இருக்கும்: டாட்ஜ், பிளிமத், கிரைஸ்லர், டிசோட்டோ. வீல் போல்ட்டில் எல் என்று குத்தியிருந்தால் அது இடது பக்கச் சக்கரத்துடையது, மரை எதிர்ப்பக்கம் சுற்றும். வழக்கம்போல் கழட்டப் பார்த்தால் இன்னும் இறுகி, கடைசியில் போல்ட் முறிந்து கையில் வரும்.

ஆனால் பானெட்டில் இருக்கும் பெயரை நம்பிச் சாமான் தேடக் கூடாது. ஏற்றுமதிக்கென்று செய்த கிங்ஸ்வேயும் டிப்ளமாட்டும் உள்ளுக்குள் பிளிமத்தான். டாட்ஜ் புத்தகத்தில் தேடினால் மணிக்கணக்கு வீண். இன்ஜினில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் செய்த பிளிமத், டாட்ஜ் ஆறு சிலிண்டர் இன்ஜினின் ஹெட் 23 சொச்சம் அங்குல நீளம். கனடாவில் செய்ததும், டிசோட்டோ, கிரைஸ்லருடையதும் 25. வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகள் கனடாவிலிருந்தும் கப்பலேறின. அதனால் ஹெட் கேஸ்கெட் கேட்டுக் கடைக்குப் போகிறவர், கார் பெயரையும் வருடத்தையும் சொல்வதற்கு முன் டேப் பிடித்து அளந்த நீளத்தைச் சொல்ல வேண்டும்.