எரித்ரோபொய்டின்

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன். பெரியவர்களுக்குப் பெரும்பகுதி சிறுநீரகத்திலும், கருவிலிருக்கும் சிசுவுக்குக் கல்லீரலிலும் சுரக்கிறது.

1906இல் பாரிசில் பால் கார்னோவும் அவருடன் பணிபுரிந்த டெஃப்ளாந்தரும், இரத்தம் எடுக்கப்பட்ட முயலின் சீரத்தை வேறு முயலுக்குச் செலுத்தினார்கள். சிவப்பணு கூடியதென்று அறிவித்தார்கள். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த விளைவு சரிவரக் கிடைக்காததால் நெடுங்காலம் யாரும் முழுதாக நம்பவில்லை. 1948இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் போன்ஸ்டார்ஃப், யாலவிஸ்டோ இருவரும் இன்றைய பெயரைச் சூட்டினார்கள். பொருள் கைக்கு வருமுன் பெயர் வந்துவிட்டது! 1950இல் ரைஸ்மன் இரண்டு எலிகளை உடலோடு உடல் ஒட்டித் தைத்து, ஒன்றுக்கு மட்டும் ஆக்சிஜனைக் குறைத்தார்; இரண்டின் மஜ்ஜையும் வேகமெடுத்தது. செய்தி இரத்தத்தின் வழியே போகிறது என்பதில் ஐயம் குறைந்தது. ஹார்மோன் பிறக்குமிடம் சிறுநீரகம் என்று 1957இல் சிகாகோவில் ஜேக்கப்சன், கோல்ட்வாசர் குழுவினர் காட்டினர்.

பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளின் சிறுநீரில் இந்த ஹார்மோன் மிகுதியாக வெளியேறும். ஜப்பானியர் மியாகே அத்தகைய சிறுநீரை 2,550 லிட்டர் சேர்த்து, உலர்த்தி, சிகாகோவுக்குக் கொண்டுபோனார். 1977இல் கோல்ட்வாசருடன் சேர்ந்து அதிலிருந்து எடுத்த தூய ஹார்மோன் சில மில்லிகிராம்தான். அந்தச் சொற்பத்தை வைத்தே ஆம்ஜென் நிறுவனத்தின் ஃபூ-குவென் லின் மரபணுவைக் கண்டெடுத்தார். அதைக்கொண்டு தயாரித்த மருந்துக்கு 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

செல்லுக்குள் நடப்பது பிறகு தெளிவானது. இந்த ஹார்மோனின் ஏற்பிக்குச் சொந்த நொதி கிடையாது. ஹார்மோன் வந்து ஒட்டியதும், ஏற்பியின் வாலைப் பற்றியிருக்கும் ஜேக்2 நொதி விழித்து ஸ்டாட்5 புரதத்தைத் தூண்ட, அது செல்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது. பலர் நினைப்பதுபோல் ஹார்மோன் புதிய அணுக்களை ஒன்றுமில்லாததிலிருந்து வரவழைப்பதில்லை. மடியவிருந்த இளம் அணுக்களைப் பிழைக்க வைப்பதே அதன் முக்கிய வேலை. ஃபின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டாவுக்குப் பிறவியிலேயே அந்த ஏற்பியின் வால் குறைந்திருந்தது. தூண்டலை அணைக்கும் பகுதியும் அதோடு போனதால், அவருக்குச் சிவப்பணு இயல்பாகவே மிகுதி. ஒலிம்பிக்கில் ஏழு பதக்கங்கள் வென்றவர். ஜேக்2இல் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால், ஹார்மோன் வராமலே நொதி இயங்கும். சிவப்பணு மிகைநோயாளிகளுள் மிகப் பெரும்பாலோரிடம் இம்மாற்றம் இருப்பதை 2005இல் கண்டார்கள்.

ஆக்சிஜன் குறைவைச் செல்கள் உணரும் விதத்தை விளக்கிய செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். ஆக்சிஜன் இருக்கும்வரை ஹிஃப் என்ற புரதம் உடனுக்குடன் அழிக்கப்படுகிறது. குறைந்தால் அது நிலைத்து, ஹார்மோன் மரபணுவை முடுக்குகிறது.

மருந்தை அளவு மீறிப் போட்டால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடும். சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த ஊசியால் ஹீமோகுளோபினை வேண்டுமென்றே டெசிலிட்டருக்கு 13 கிராமுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2012ஆம் ஆண்டின் மருத்துவ வழிகாட்டுதல் கூறியது.